துப்பாக்கிக்கு முட்டுக் கொடுப்பது கேவலமில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்த வாய்ச்சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்னோடு பி.காம். படிக்கிற நண்பன் ஒருவன். (தமிழ் தெரியாதவன், அதனால் இதைப் படிக்கப் போவதில்லை. தைரியமாக எழுதலாம் :-)) இரண்டு பேரும் முயல் சுடக் கிளம்பினோம். பண்ணை வாசலில் காரை நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து என் இரண்டு மூங்கில் கம்புகளை எடுத்தேன். மேலிருந்து ஒரு சாண் கீழே சைக்கிள் டியூபால் சேர்த்துக் கட்டியிருக்கும். விரித்தால் பெருக்கல் குறி மாதிரி நிற்கும். அதன் மேல் கவையில் ரைஃபிளின் முன்கட்டையை வைத்து உட்கார்ந்து சுடலாம்.

அவன் சிரித்தான். "என்னடா இது, உங்க தாத்தாவோட ஊன்றுகோலா?" அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "கம்பு ஊன்றிச் சுட யாருக்குத்தான் வராது? கையில் பிடிச்சு நின்னு அடிக்கிறவன்தான் வேட்டைக்காரன். இது கள்ள ஆட்டம்" என்றான். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில் ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் தோன்றும். தோன்றியதை எல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

என் கட்சி இதுதான். உயிரைக் குறிவைத்துச் சுடப் போகிறவன், முட்டுக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்காமல் சுடுவதுதான் கேவலம். அந்த முட்டை வீட்டிலேயே ஒரு மாலையில் செய்துவிடலாம் என்பதால், "என்கிட்ட இல்லை" என்ற சாக்கும் செல்லாது.

முதலில் ஊர்க்காரர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த மக்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். "ஏலே, முயலைச் சுடுதியா? உள்ள தூக்கிப் போட்டுருவாவ" என்று பதறுவீர்கள் என்று தெரியும். அங்கே அது சரிதான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்க் காட்டு முயல் மேல் கை வைக்கக் கூடாது. வைக்கவும் வேண்டாம். அது அந்த மண்ணின் பிராணி.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒடாகோ பகுதியில். இங்கே முயல் இந்த மண்ணின் பிராணி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கறிக்கும் பொழுதுபோக்குக்கும் என்று கப்பலில் கொண்டுவந்து விட்டது. தின்ன எதிரி இல்லாத நாட்டில் அது பெருகிய பெருக்கில், 1876லேயே முயல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. பிறகு முயலைப் பிடிக்கட்டும் என்று 1880களில் ஃபெரட், ஸ்டோட், வீசல் என்று கீரி சாயலில் உள்ள பிராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை முயலோடு நிற்கவில்லை. பறக்கத் தெரியாத இந்த நாட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்றன, இன்றைக்கும் தின்கின்றன. 1950களில் மிக்சோமடோசிஸ் நோயைப் பரப்பிப் பார்த்தார்கள், பரவவில்லை. 1997ல் அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லியும் யாரோ முயல் கொல்லும் வைரஸைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். 2018ல் அதன் இன்னொரு ரகத்தை அதிகாரபூர்வமாகவே விட்டார்கள். முயல் இன்னும் இருக்கிறது.

பத்து முயல் தின்பது ஒரு ஆடு தின்பதற்குச் சமம் என்று இங்குள்ள விவசாயிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மத்திய ஒடாகோ நாட்டிலேயே மழை குறைந்த பகுதி. முயல் புல்லை வேரோடு கடித்துவிட்டால் மண் காற்றில் போய்விடும். அதனால் பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் "வாப்பா, வந்து சுடு" என்பார். துப்பாக்கி உரிமம் வேண்டும். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சட்டங்கள் நன்றாக இறுகிவிட்டன. எனக்கு உரிமம் தருமுன் பரீட்சை வைத்தார்கள், வீட்டுக்கு வந்து துப்பாக்கிப் பெட்டகத்தைப் பார்த்தார்கள், என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரித்தார்கள். அம்மாவிடம் "உங்கள் மகன் கோபக்காரனா?" என்று கேட்டபோது அம்மா யோசித்த அந்த நான்கு விநாடியை என்னால் மறக்க முடியாது.

ஆக, முயலைச் சுடலாமா கூடாதா என்பது இந்தப் பதிவின் கேள்வி இல்லை. அதற்குக் கடைசியில் கொஞ்சம் வருகிறேன். சுடுவதென்று முடிவான பிறகு எப்படிச் சுடுவது என்பதுதான் கேள்வி.

அந்த ஒரு முயல்

உரிமம் வாங்கிய முதல் வருடம். மாலை ஐந்து மணி இருக்கும். காட்டுத்தனமாக தைம் செடி மண்டிக் கிடக்கும் சரிவு அது, நடந்தாலே செருப்படியில் வாசனை வரும். நாற்பது மீட்டரில் ஒரு முயல், பக்கவாட்டில் நின்றது. அந்தப் பண்ணையின் பெரியவர் எனக்குப் பின்னால் நின்றார். அவர் பார்க்கிறார் என்பதாலேயே நான் உட்காரவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி நின்றபடியே தூக்கிச் சுட்டேன்.

பட்டது. ஆனால் தலையில் படவில்லை. பின்னங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கோ பட்டது. முயல் சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முன்னங்கால் இரண்டால் உடம்பை இழுத்துக்கொண்டே போய், இரண்டாவது தோட்டாவை நான் ஏற்றுவதற்குள் வளைக்குள் இறங்கிவிட்டது.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. காரிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார். இரண்டு பேரும் மாறி மாறித் தோண்டினோம். வளை பாறைக்கு அடியில் போய்ப் பிரிந்தது. இருட்டும்வரை தோண்டியும் கிடைக்கவில்லை. மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடுத்த தடவை வேலிக் கம்பத்துல சாய்ச்சுக்கோ தம்பி."

அந்த முயல் அன்றிரவு எத்தனை மணிக்குச் செத்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவை எழுத வைப்பது அந்தத் தெரியாமைதான்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

நான் காமர்ஸ் மாணவன், பௌதிகம் பிளஸ் டூவோடு போயிற்று. ஆனாலும் இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்பு விகிதம் போதும்.

தோளில் படும் அடிக்கட்டையிலிருந்து குழல் முனை வரை சுமார் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தோள் அசையவில்லை, குழல் முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. 50 மீட்டர் தூரத்தில் குறி எவ்வளவு நகரும்? 50,000ஐ 900ஆல் வகுங்கள். ஏறக்குறைய 55 மில்லிமீட்டர். முனையில் ஒரு மில்லிமீட்டர், அங்கே ஐந்தரை சென்டிமீட்டர்!

முயல் வலி தெரியாமல் அந்த இடத்திலேயே சாக வேண்டுமென்றால் தோட்டா மூளையில் பட வேண்டும். அந்த இலக்கு நம்ம பத்து ரூபாய் நாணயம் அளவுதான், 27 மில்லிமீட்டர். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 13 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அப்படியென்றால் குழல் முனை நகரக் கூடியது கால் மில்லிமீட்டர்.

இப்போது எழுந்து நின்று ஒரு துடைப்பத்தை ரைஃபிள் மாதிரி பிடித்துப் பாருங்கள். (வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து.) முனை எவ்வளவு ஆடுகிறது? மூச்சு, இதயத் துடிப்பு, முழங்கை நடுக்கம், காற்று எல்லாம் சேர்ந்தது. இதில் கால் மில்லிமீட்டருக்குள் நிறுத்துகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்கள் ஒலிம்பிக் போகிறார்கள். அதற்கென்று தைத்த விறைப்பான அங்கி போட்டுக்கொண்டு, தினமும் மணிக்கணக்கில் பழகுகிறார்கள். நானும் என் நண்பனும் ஆடிட்டிங் பேப்பருக்கு நடுவில் மாதம் இரண்டு சனிக்கிழமை போகிறவர்கள்.

செலவு யார் கணக்கில்?

என் நண்பனுக்குப் புரிகிற மொழியிலேயே சொல்கிறேன். பொருளாதாரப் பாடத்தில் முதல் வருடமே புறவிளைவு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தொழிற்சாலை ஆற்றில் கழிவை விடுகிறது. லாபம் முதலாளிக்கு, செலவு கீழே தண்ணீர் குடிக்கிறவனுக்கு. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு ஏறவே ஏறாது. அதனால்தான் அவன் அதைச் செய்துகொண்டே இருப்பான்.

முட்டு இல்லாமல் நின்று சுடுகிறவன் கதையும் இதேதான். சரியாகப் பட்டால் "பார்த்தியா, கையிலயே அடிச்சேன்" என்ற பெருமை அவனுக்கு. தப்பாகப் பட்டால்? அவனுக்கு நஷ்டம் ஒரு தோட்டா, சில்லறைக் காசு. மீதி நஷ்டம் முழுவதும் வளைக்குள் போய்விடுகிறது. கண்ணில் படாது, கணக்கில் வராது. அவனுடைய பெருமைக்கான பில்லை முயல் கட்டுகிறது.

முட்டு செய்கிற ஒரே வேலை இந்தச் செலவைத் திரும்ப நம் கணக்கில் கொண்டுவருவது. கம்பைச் சுமப்பது என் தோள். உட்கார்ந்து விரித்து வைப்பதற்குள் சில முயல் ஓடிவிடும், அந்த நஷ்டமும் எனக்குத்தான். ஓடிப்போன முயலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இங்கே ஒரு பெரியவரோடு மோத வேண்டியிருக்கிறது. பொருட்பாலில் படைச்செருக்கு அதிகாரம், 772ஆம் குறள். காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட யானைக்குத் தப்பிய வேலை ஏந்துவது மேல் என்பது அதன் கருத்து. நான் முயல் சுடப் போகிறேன் என்று தெரிந்ததும் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் இதைத்தான் அனுப்பினான், "வள்ளுவரே உன்னைக் கலாய்க்கிறார்" என்று.

வள்ளுவர் போர்வீரனின் மனத்திடத்தைச் சொல்கிறார், வேட்டைக்குப் பாடம் எடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் என் நண்பனுடைய தலைக்குள் ஓடுவது அதே செருக்கின் மலிவுப் பதிப்பு: கஷ்டமான வழியில் முயன்று தவறினாலும் அது வீரம். யானைக்கு முன்னால் நிற்கிறவன் தவறினால் யானை அவனை மிதிக்கும். அவனுடைய தவறுக்கு அவனே விலை கொடுக்கிறான், அதனால் அதை வீரம் என்று சொல்லலாம். முயலைத் தவறவிட்டால் நமக்கு என்ன ஆகிவிடும்? ராத்திரி சாப்பாட்டுக்குக் கறி இல்லை, அவ்வளவுதான். நமக்கு ஆபத்தே இல்லாத இடத்தில் வீரம் பேசக் கூடாது. அங்கே செய்ய வேண்டியது வேலையைச் சுத்தமாக முடிப்பது மட்டும்தான்.

சரி, எப்படிச் செய்வது?

கடையில் கார்பன் ஃபைபரில் முக்காலி இருக்கிறது, பல நூறு டாலர். நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கினால்தான் நிதானமாகச் சுட முடியும் என்று விற்கிறார்கள் பாருங்கள், அது பொய். நான் செலவழித்தது தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற மூங்கில் கம்பு ஒரு கட்டுக்கு ஏழெட்டு டாலர். அதிலும் பாதிக் கம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது.

கட்டைவிரல் பருமனில், வெடிப்பில்லாத இரண்டு கம்புகள். தரையில் உட்கார்ந்து சுடுவதற்கு ஒரு மீட்டர் நீளம் எனக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு நீங்கள் அளந்துகொள்ளுங்கள். அளப்பது சுலபம்: காலைச் சம்மணமாகவோ முழங்காலை உயர்த்தியோ, சுடும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, முன்கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று ஒருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். கால்கள் விரிவதால் கொஞ்சம் உயரம் குறையும். அதற்கு ஒரு நாலு விரல், கட்டுக்கு மேலே கவைக்கு ஒரு சாண், இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். அதிகமாக வெட்டிவிட்டுக் குறைக்கலாம், குறைத்துவிட்டுக் கூட்ட முடியாது.

முதல் தடவை நான் புத்திசாலித்தனமாகக் கம்பில் துளை போட்டு போல்ட் மாட்டினேன். இரண்டாம் நாளே மூங்கில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. பிறகுதான் சைக்கிள் டியூப். கடையில் கேட்டால் பஞ்சரான பழைய டியூபைச் சும்மாவே தருவார்கள். இரண்டு விரல் அகலத்தில் பட்டையாக வெட்டி, மேலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு கம்பையும் எட்டுப் போடுகிற மாதிரி மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். ரொம்ப இறுக்கினால் விரியாது, தளர்ந்தால் நிற்காது. கத்தரிக்கோல் மாதிரி கொஞ்சம் அழுத்தித் திறக்கிற பதம். மேலே கவையின் உட்பக்கத்திலும் டியூபைச் சுற்றிவிடுங்கள். ரைஃபிள் வழுக்காது, மரம் மரத்தில் தட்டிச் சத்தமும் வராது. அடியில் நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் குப்பி. இங்கே பாறை அதிகம், அது இல்லாவிட்டால் சறுக்கும்.

படுத்துச் சுட வசதியான இடமாக இருந்தால் கம்பு வேண்டாம். பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு பக்கம் தைத்து, காய்ந்த மணலை முக்கால்வாசி நிரப்பி மறுபக்கத்தையும் தைத்தால் முன்னால் வைக்க மூட்டை தயார். பின்னால் அடிக்கட்டைக்குக் கீழே வைக்க ஒரு சாக்ஸ். சாக்ஸில் முதலில் நான் நிரப்பியது வீட்டுப் பொன்னி அரிசி. பிசைந்தால் நன்றாக உருவம் பிடிக்கும், லேசாகவும் இருக்கும். ஒரு தூறலில் நனைந்தது. காரில் மறந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து வந்த நாற்றத்தையும், "சோத்துக்கு இல்லாம அலையுதானுவ, நீ அரிசிய சாக்ஸுல போட்டு விளையாடுதியா" என்று அம்மா விட்ட பாட்டையும் இங்கே எழுத முடியாது. இப்போது பிளாஸ்டிக் மணிகள்.

மூன்று விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்.

ஒன்று, முட்டில் உட்கார வேண்டியது முன்கட்டை. குழல் கூடாது. சுடும்போது குழல் அதிரும். அதை எதன் மேலாவது அழுத்தி வைத்தால் தோட்டா வேறு இடத்துக்குப் போகும். வெறும் பாறை, இரும்புக் கம்பி மாதிரி கெட்டியான பொருள் மேல் முன்கட்டையையும் நேராக வைக்காதீர்கள், துள்ளும். தொப்பியையாவது நடுவில் வையுங்கள்.

இரண்டு, செய்த அன்றைக்கே முயலைத் தேடிப் போகாதீர்கள். எந்த முட்டில் சுடப் போகிறீர்களோ அதில் வைத்தே காகிதத்தில் சுட்டு ஸ்கோப்பைச் சரிபாருங்கள்.

மூன்று, உட்கார்ந்தால் துப்பாக்கி தாழ்ந்துவிடுகிறது. .22 தோட்டா சின்னதுதான், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். தட்டையாகப் போய்க் கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் முட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுடக் கூடாது. சுடத் தயாராகும்வரை தோட்டாவை ஏற்றவும் கூடாது. தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் கம்பில் சாய்த்து வைத்துவிட்டு தண்ணீர் குடிக்கப் போகிற ஆளோடு நான் வரமாட்டேன்.

எதிர்க்கட்சிக்கு நேரம்

"பழகினால் முட்டு வேண்டாமே?" பழகுங்கள், யார் தடுத்தது? நின்று, மண்டியிட்டு, ஒற்றைக் காலில், எப்படி வேண்டுமானாலும் பழகுங்கள். காகிதத்தில். காகிதத்துக்கு வலிக்காது. நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நாற்பது மீட்டரில் பத்து ரூபாய் நாணய அளவு வட்டம், பத்துத் தோட்டா. நின்றபடி இரண்டு உள்ளே. முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்து ஐந்து. மூங்கில் கம்போடு ஒன்பது. பத்துக்கு இரண்டு மார்க் வாங்குகிறவன் உயிரை வைத்துப் பரீட்சை எழுதக் கூடாது.

"முட்டு இருக்கிற தைரியத்தில் இன்னும் தூரத்திலிருந்து சுடுவீர்கள்." இதுதான் எதிர்த்தரப்பில் உண்மையிலேயே நல்ல வாதம், இதை நண்பன் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். காப்பீடு எடுத்தவன் கவனம் குறைவான் என்று இன்ஷூரன்ஸ் பாடத்தில் வருமே, அதே கதை. ஐம்பது மீட்டரில் என் ஒன்பது, ஏழாகக் குறைகிறது. அதனால் எனக்கு எல்லை நாற்பது. அதற்கு மேல் நின்றால் கிட்டே போகப் பார்ப்பேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். எல்லையைக் கம்பை வைத்து முடிவு செய்யக் கூடாது, காகிதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாதவனுக்கு முட்டு கொடுத்தால் இன்னும் அதிகக் காயம்தான் உண்டாக்குவான், ஒத்துக்கொள்கிறேன்.

"பரம்பரை வேட்டைக்காரர்கள் இதெல்லாம் வைத்திருந்தார்களா?" வைத்திருந்தார்கள் ஐயா! 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளில் கனமான மஸ்கட் துப்பாக்கியோடு அதைத் தாங்க ஒரு கவைக்கோலையும் சேர்த்தேதான் சிப்பாய் சுமந்தான். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை சுட்டவர்கள் இரண்டு குச்சியைக் குறுக்காகக் கட்டி அதில் வைத்துத்தான் சுட்டார்கள். அவர்கள் செய்தது மகா பாவமான வேலை, இனத்தையே அழிக்கப் பார்த்தார்கள். ஆனால் சுடத் தெரியாதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. நின்று கையில் பிடித்துச் சுடுவதுதான் அசல் வேட்டை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் சந்தேகம் சினிமா மேல்தான்.

"தொல்லைப் பிராணிதானே, எப்படிச் செத்தால் என்ன?" இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. (அம்மா யோசித்தது நியாயம்தான் போல.) இங்குள்ள 1999ஆம் வருட விலங்கு நலச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வளைக்குள் இழுத்துக்கொண்டு போன முயலுக்காக யாரும் என்னைக் கோர்ட்டில் நிறுத்தப் போவதில்லை. அப்படியிருக்க, யாரும் கேட்காத இடத்தில் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது என்னைப் பற்றிய விஷயம். முயல் தானாகக் கப்பலேறி இங்கே வரவில்லை. மனிதன் செய்த தப்பை மனிதன் துடைக்கிறான், துடைக்கும்போது பிடுங்கி எறிகிற வலியை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

"இவ்வளவு இரக்கம் இருக்கிறவன் சுடாமலே இருக்கலாமே?" சித்தி போனில் கேட்டது. சைவச் சாப்பாட்டுக்காரர் கேட்டால் எனக்குப் பாதி வாய் அடைத்துவிடும். என்னால் முடிந்த பதில் இது: நான் சுடாவிட்டால் அந்தச் சரிவில் முயல் நிம்மதியாக வாழப் போவதில்லை. விஷம் வைப்பார்கள். பின்டோன் என்ற விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்வது, பல நாள் எடுக்கும். இல்லையென்றால் வைரஸ். இதோடு ஒப்பிட்டால், சத்தம் காதில் விழுவதற்குள் முடிந்துபோகிற ஒரு சாவு மேல் என்று நினைக்கிறேன். ஆனால் அது அப்படி முடிந்தால்தான் என் வாதம் நிற்கும். முடியாவிட்டால் சித்தி ஜெயித்துவிடுவார். சித்தி ஜெயிக்காமல் இருப்பதற்காகத்தான் நான் இந்த மூங்கிலைச் சுமக்கிறேன்.

முடிவாக

அன்றைக்கு நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நின்றபடி மூன்று தடவை சுட்டான். இரண்டு படவே இல்லை. மூன்றாவது பட்டு, பிடரியில் பட்டு, முயல் அங்கேயே விழுந்தது. "பார்த்தியா?" என்றான். பார்த்தேன். நான் அன்று உட்கார்ந்து இரண்டு முயல் சுட்டேன், மூன்றாவது ஐம்பதுக்கு மேல் நின்றதால் விட்டுவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு, பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மூன்றாவது தோட்டா நாலு விரல் பின்னால் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருக்கிற மூங்கிலில் அவனுக்கும் ஒரு ஜோடி கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கொடுப்பேன். வாங்கிக்கொண்டால் சந்தோஷம். வாங்காவிட்டால், அந்தப் பண்ணைக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன். நட்பு வகுப்பறையோடு இருக்கட்டும்.

கேவலம் என்பது கம்பில் இல்லை மக்கா. இருட்டில் மண்வெட்டியோடு நிற்கும்போது வரும் பாருங்கள், அதுதான்.

பி.கு.: தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் மூங்கில் கம்பை தக்காளிச் செடிக்கே ஊன்றுங்கள். நல்லாக் காய்க்கும் :-)